மைக்ரான் கடைந்த கிண்ணம்

முகப்பேரில் மனிதர்களை நம்பாதவர்கள் பலர் உண்டு. இட்லி வட்டம்தான் என்பதை நம்பாதவர் மைக்ரான் ஒருவர் மட்டுமே.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் குடியிருப்பில் மின்கட்டண அட்டையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் முப்பத்தைந்து வருஷம் லேத்தில் இரும்பு கடைந்தவர். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்குக் குறைந்த பிழையை அவர் மன்னிப்பார்; கூடினால் பெற்ற பிள்ளையானாலும் மன்னிக்க மாட்டார். சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவருக்கு வெர்னியர் என்ற அளவுகோல்.

ஒருமுறை குமணன்சாவடியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். டீக்கடையில் ஒரு மெதுவடை வாங்கினார். கடிப்பதற்கு முன் வெர்னியரை எடுத்தார்.

"ஓட்டை சென்டர்ல இல்ல நைனா. ரெண்டு மில்லி அவுட்டு."

கடைக்காரர் கரண்டியை நிறுத்தவில்லை. "துன்றதுக்கு வந்தியா அண்ணாத்தே, பாஸ் போடறதுக்கு வந்தியா?"

"துன்னத்தான் வந்தேன். ஆனா இத்த எப்டி நீ வெளிய அனுப்புனே?"

"எண்ணெயில போட்டேன். அதுவா வந்துச்சு."

மைக்ரான் வடையைத் திருப்பிக் கொடுத்து வேறு கேட்டார். நான்காவது வடைதான் தேறியது. அதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது.

சொந்த மகளின் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் மோதிர விரலை அளந்துவிட்டு, "கணு ஓவர்சைஸு" என்று சபையில் அறிவித்தவர் இவர். கல்யாணம் எப்படியோ நடந்தது. மாப்பிள்ளை இன்றுவரை மாமனார் எதிரே கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டுதான் நிற்கிறார்.

பட்டறை மூடப்பட்டபோது எல்லோரும் மாலையும் கடிகாரமும் வாங்கிக்கொண்டு வீடு போனார்கள். மைக்ரான் ஒரு பழைய சின்ன லேத்தைக் கேட்டு வாங்கி, தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். யாரையும் கேட்காமல் எங்கள் மோட்டார் ரூமில் அதை இறக்கி, தரையில் போல்ட்டும் அடித்துவிட்டார். தினமும் காலை ஒன்பது மணிக்குக் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு இறங்குவார். என்ன செய்தார்? ஒரு இரும்புத் தண்டைத் துல்லியமாகக் கடைவார். மறுநாள் அதைவிடத் துல்லியமாகக் கடைவார். தண்டு ஊசியாகும்வரை இது நடக்கும். பிறகு புதுத் தண்டு.

குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் நான். ஓர் அரசு அலுவலகத்தில், வந்து இறங்கும் சரக்கைப் பரிசோதித்து ஏற்பதும் நிராகரிப்பதுமாக நாற்பது வருஷம் கழித்தவன். ஆகவே புகார்கள் என்னிடம்தான் வரும். முதல் புகார் இரண்டாம் மாடியிலிருந்து வந்தது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் திருநெல்வேலி இளைஞர்.

"சார், நான் மீட்டிங்ல பேசும்போது கீழ மாவு மில்லு ஓடுத மாதிரி இருக்கு. ரயில்வே ஸ்டேஷன்ல இருந்தா வேல பாக்கீங்கன்னு மேனேஜர் கேக்காரு."

பொதுக்குழு கூடியது. லேத் குடும்பங்களுக்குப் பயன்படாத பொருள் என்றார் அந்த இளைஞர். மைக்ரான் எழுந்தார்.

"பயன்படாதா? உங்க எல்லாருக்கும் இன்னா வேணும், சொல்லுங்க."

கிண்ணம் வேண்டும் என்று ஒரு குரல் வந்தது. மரக்கிண்ணம், பழம் வைக்க, என்று இன்னொரு குரல் திருத்தியது. மழையில் சாய்ந்த தூங்குமூஞ்சி மரத்தை அறுத்து, பூங்கா ஓரத்தில் துண்டு துண்டாகப் போட்டிருந்தார்கள்.

"இரும்பையே சீவினவன் நானு. கட்டை இன்னா பெரிய மேட்டரா?"

தீர்மானத்தை நான்தான் எழுதினேன்: ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் பயனுள்ள பொருள் ஒன்றைச் செய்து காட்டினால் லேத் இருக்கலாம், இல்லையேல் அகற்றப்பட வேண்டும். கையெழுத்துக்காக அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி என்னைத் தனியே அழைத்தார்.

"லேத்து போச்சுன்னா இந்த மனுசன் ஊட்டுக்குள்ளயே கெடப்பாரு சார். இப்பவே தோசையத் திருப்பி அனுப்பறாரு. நான் எங்க போறது?"

ஞாயிற்றுக்கிழமை காலை மைக்ரான் வரைபடத்துடன் வந்தார். விட்டம் 148 மில்லிமீட்டர். அனுமதிக்கப்பட்ட பிழை, மரம் என்பதால் தாராளமாக, இருபது மைக்ரான். ஒரு பழக்கிண்ணத்துக்கு.

அவர் மரத்தைக் கடைந்ததே இல்லை. அதை ஒத்துக்கொள்ளவும் இல்லை. கட்டையை லேத்தின் தாடையில் இறுக்கி, இரும்புக்கு வைக்கிற வேகத்தையே வைத்தார். கட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுப் பறந்து போய்த் தண்ணீர் டிரம்மில் மோதியது. இரண்டாம் கட்டை நின்றது. உளியைக் கையில் பிடித்து மரத்தின் போக்குக்கு வளைந்து கொடுத்துச் சீவுவதுதான் மரவேலை. இவர் இரும்பு உளியை அசையாமல் திருகி வைத்து நேராக உள்ளே செலுத்தினார். தேங்காய் நார் உரிவது போல உரிந்தது. புகை வந்தது. உடனே, முப்பத்தைந்து வருஷப் பழக்கம், இரும்பின் சூடு தணிக்க ஊற்றும் எண்ணெய் கலந்த வெள்ளைத் தண்ணீரை ஒரு குவளை ஊற்றினார். கட்டை ஊறிப் பருத்தது. துடைத்து ஃபேனை வைத்தார். சுருங்கியது.

"நான் டீ குடிக்கப் போனப்ப யாரு சார் இத்தத் தொட்டது?"

"யாரும் தொடவில்லை."

"148 கரெக்டா நிறுத்திட்டுப் போனேன். இப்ப 147.6 காட்டுது. ஒரு பக்கம் 147.9. இது இன்னா சாமான் சார், நான் இல்லாதப்ப தானா மாறிக்கினு கீது?"

பச்சை மரம் காயும்போது சுருங்கும், அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது என்று விளக்கினேன். அது மரத்தின் ஒழுங்கீனம் என்று முடிவு கட்டி, கோணலான பக்கத்தைச் சீவினார். அது மறுபடி கோணியது. மறுபடி சீவினார். காலையில் பழக்கிண்ணமாக இருந்தது பன்னிரண்டு மணிக்குக் குழம்புக்கிண்ணம். மூன்று மணிக்குச் சட்னி. நாலரைக்கு, குங்குமம் வைக்கலாமா என்று யோசிக்கும் அளவு. அவர் மனைவி வந்து, கையைப் பிடித்து லேத்தை நிறுத்தினார். "இன்னொரு தபா சீவினா ஒண்ணுமே மிஞ்சாது."

ஐந்து மணிக்குச் சங்கம் மோட்டார் ரூமில் கூடியது. உள்ளங்கைக்குள் அடங்கும் கிண்ணம். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிவு, லேசான முட்டை வடிவம். பிடித்துப் பார்த்த இரண்டாம் மாடி இளைஞரே, "நல்லாத்தான் இருக்கு சார்" என்றார். நான் பேனாவைத் திறந்தேன்.

மைக்ரான் கிண்ணத்தை வாங்கி அளந்தார். சிவப்புச் சாக்கட்டியால் அதன்மேல் பெருக்கல் குறி போட்டார்.

"ரிஜெக்ட்டு. முக்கால் மில்லி கோணல் கீது. லேத்த நாளைக்கே எடுத்துக்கினு போயிடறேன்."

"தீர்மானத்தில் 'பயனுள்ள பொருள்' என்றுதான் இருக்கிறது. வட்டமான பொருள் என்று இல்லை."

"நீங்க எழுதுனதுல இல்ல சார். என் டிராயிங்குல கீது."

"பிழைக்கு விலக்களித்து ஏற்றுக்கொள்கிறேன்."

"என் சர்வீஸ்ல ஒரு பீஸு அப்டிப் போனதில்ல. கை கூசுது சார், வேணாம்." அவர் ஸ்பானரை எடுத்துத் தரையில் உட்கார்ந்து முதல் போல்ட்டில் வைத்தார். அவர் மனைவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அலுவலகக் குரலில் சொன்னேன்: "ஒரு பொருள் நிராகரிக்கப்பட்டால், அதே இயந்திரத்தில் குறையற்ற பொருள் வரும்வரை இயந்திரத்தை இடம் மாற்றக் கூடாது. நடைமுறை."

ஸ்பானர் நின்றது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரூல் புக்குல கீதா சார்?"

"இருக்கிறது."

"அப்ப சரி."

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நாற்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றிச் சொல்லாதவன் நான்.

குறையற்ற கிண்ணம் இன்னும் வரவில்லை. மரத்தில் அது வரவும் வராது. காலை ஒன்பதே காலுக்குள் கீழிருந்து சத்தம் கேட்கவில்லையென்றால், செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.