சந்தனத்துக்கு அடியில் இருந்த பதினைந்து நாள்

திண்டிவனம்,
செவ்வாய்க்கிழமை, மதியம்.

சேசுவுக்குப் புகழ்.

முகையூரில் இருக்கும் அன்புள்ள மச்சான் ஆரோக்கியராஜ் அவர்களுக்கு, தேவசகாயம் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரி ஜெயமும் சுகம். அங்கு நீங்களும், என் தங்கை சவுரியம்மாளும், மகள் ரோஜாவும், மருமகனும், கறவை மாடும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். 'சொந்தக் கையால்' என்பதைத் தயவுசெய்து இன்னொரு முறை படித்துக்கொள்ளவும். அறுபத்து மூன்று வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. புனிதா டீச்சரின் மாலை வகுப்பில் ஒன்பது மாதம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. நேற்றுக் காலையில் ஆரம்பித்தேன். ஒரு வரி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகிறது, ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. போனில் பேசினால் நீங்கள் பாதியிலேயே "செரி மச்சான், வெச்சிர்றேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. கடைசி வரி வரைக்கும் நான் பேசிக்கொண்டே இருப்பேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. போன வருஷம் வைகாசியில் நான் உங்களைச் சாகடித்துவிட்டேன்.

பதறாதீர்கள். எங்கள் மில் வழக்கத்தைச் சொன்னால் உங்களுக்கே நியாயம் புரியும். இருபத்திரண்டு வருஷமாக நான் வேர்க்கடலை மில்லில் மல்லாட்டை மூட்டை பிரித்து உடைக்கும் மெஷினில் கொட்டுகிறேன். அங்கே ஞாயிற்றுக்கிழமையை விட்டால் சாவுக்கு மட்டும்தான் லீவு. முதலாளி கிருஷ்ணசாமியின் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். சாவு என்று போய் நின்றால் கூலி பிடிக்காமல் மூன்று நாள் அனுப்புவார். காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து என்றால் "மல்லாட்டை உனக்காகக் காத்துக்கினு இருக்குமா?" என்று கேட்பார். அதனால் நாங்கள் முப்பத்தொரு பேரும் தேவைப்படும்போதெல்லாம் சொந்தக்காரர்களைச் சாகடித்து வந்தோம். சல்லடையில் நிற்கும் முனியம்மாள் தன் மாமியாரை மட்டும் நான்கு முறை சாகடித்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் முதலாளி முன்னால் நிஜமாகவே அழுவாள், கிழவி இன்னும் இருக்கிறாளே என்ற துக்கத்தில். என் பக்கத்தில் ஆட்கள் தீர்ந்துபோன நேரம் பார்த்து உங்கள் மகள் ரோஜாவுக்குக் கல்யாணம் வந்தது. வேறு யாரைச் சொல்வேன்? உங்களைச் சாகடித்துவிட்டு வந்துதான் உங்கள் வீட்டுப் பந்தலில் பந்தி பரிமாறினேன். நீங்கள் என்னைக் கட்டிப்பிடித்து "தாய்மாமன் வந்துட்டான்யா" என்று கத்தியபோது எனக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

இப்போது கோபத்துக்கு வருகிறேன். மில் ஆபீஸ் சுவரில், சாமி படங்களுக்குப் பக்கத்தில், கண்ணாடி பிரேம் போட்ட ஒரு தாள் தொங்குகிறது. நான் சேர்ந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. எழுத்து நெருக்கமாக இருந்ததால் ஏதோ மந்திரம் என்று நினைத்துக்கொண்டோம். ஆயுத பூஜை வந்தால் மெஷின், தராசு, சல்லடை, சாமி படம் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைக்கும்போது அதற்கும் வைப்போம். நான் வேதக்காரன், பூஜையில் நிற்க மாட்டேன். ஆனால் இருப்பவர்களில் உயரமானவன் என்பதால் மேலே தொங்குவதற்கெல்லாம் சந்தனம் வைக்கும் வேலையை மட்டும் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்த வருஷம் பூஜைக்கு முன்னால் பிரேமைத் துடைக்கச் சொன்னார்கள். துடைத்தேன். பழைய சந்தனம் உதிர உதிர எழுத்து வந்தது. எழுத்தைக் கண்டால் இப்போதெல்லாம் என்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடிவதில்லை, படித்துவிடுகிறேன். ஸ்டூல் மேல் நின்றபடியே அரை மணி நேரம் படித்தேன். தொழிலாளர் சட்டத்தின் சுருக்கம் என்று போட்டிருந்தது. இருபது நாள் வேலை செய்தால் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு என்று அதில் இருந்தது. நான் வருஷத்துக்கு முந்நூறு நாள் வேலை செய்கிறவன். பதினைந்து நாள், மச்சான்! யாரும் சாக வேண்டாம்! சரியாக அந்த வரியின் மேல்தான் வருஷா வருஷம் என் கட்டைவிரல் பட்டிருக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக என் விடுப்பை நானே சந்தனம் அப்பி மூடி வைத்திருக்கிறேன். அதற்கு இனிமேல் சந்தனம் வைப்பதில்லை என்று சொல்லிவிட்டு ஸ்டூலை விட்டு இறங்கினேன்.

வருகிற தை மாதத்தோடு வயசாகிவிட்டது என்று என்னை நிறுத்தப் போகிறார்கள். அதற்குள் ஒரே ஒரு தடவையாவது அந்தப் பதினைந்து நாளை வாங்கிப் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். வெள்ளைத் தாளில் நானே விண்ணப்பம் எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"யாருப்பா செத்தது?"

"யாரும் சாவல மொதலாளி. எல்லாரும் நல்லா கீறாங்க."

"அப்ப இன்னாத்துக்கு லீவு? காரணம்னு ஒண்ணு வேணாமா?"

"போட்டுக்கீறனே மொதலாளி. சும்மா."

"சும்மாவா! பதினஞ்சு நாளு சும்மா குந்திக்கினு இன்னாய்யா பண்ணுவ?"

"செவ்வாக்கெழம மத்தியானத்துல என் ஊடு எப்பிடி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல. அதப் பாக்கணும்."

அவர் சிரித்தார். நான் சுவரைக் காட்டினேன். "அது மாட்டி வெக்கறதுக்குப்பா, படிக்கறதுக்கு இல்ல. இத்தினி வருஷத்துல எவனாவது படிச்சானா?" என்றார். பிறகு லீவு நோட்டைத் திறந்து என் பக்கத்தை விரல் வைத்து வாசித்தார். "அம்மா ரெண்டு தபா, சித்தி, பெரியப்பா, முகையூர் மச்சான். உனக்கு எத்தினி சாவு குடுத்துக்கீறேன்! அதெல்லாம் லீவு இல்லாம இன்னா? உன் பதினஞ்சு நாளு எப்பவோ தீந்து போச்சு, போ." என் நிலைமையைப் பாருங்கள். அந்தச் சாவெல்லாம் உண்மை என்றால் விடுப்பு போகிறது. பொய் என்றால் வேலை போகிறது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். என் வாயை மூட வைக்க ஒரு செத்த மச்சான் போதும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கூட வேலை செய்கிறவர்களாவது என் பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தேன். முனியம்மாள் என்னைத் தராசுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். "ண்ணே, உனக்குப் புண்ணியமா போவும், அந்த நோட்டைக் கிளறாத. ஆபீசருங்க வந்தா நாங்க சாவடிச்சவங்கல்லாம் எழுந்து வந்துருவாங்க. எங்க மாமியாரு நேத்துகூட ரேஷன் கடையில சண்டை போட்டுக்கினு இருந்துச்சு" என்றாள். "அதுக்குன்னு ஆயுசுக்கும் மாமியாரச் சாவடிச்சுக்கினே இருப்பியாம்மா?" என்று கேட்டேன். "அது எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்லண்ணே" என்றாள்.

விழுப்புரத்தில் இதையெல்லாம் கேட்க ஓர் அலுவலகம் இருப்பதாகப் புனிதா டீச்சர் சொன்னார். ஆனால் விடுப்பு கேட்க விழுப்புரம் போவதற்கு எனக்கு லீவு வேண்டுமே! வேறு வழியில்லாமல், இல்லாத ஓர் அத்தையை உண்டாக்கி அன்றைக்கே சாகடித்துவிட்டு பஸ் ஏறினேன். வழி நெடுக இருந்த பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே போனேன். சாலையோரத்தில் இவ்வளவு எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது இத்தனை வயது வரை எனக்குத் தெரியாது. பாதிக்கு மேல் பல் வைத்தியமும் மனை விற்பனையும்தான், ஆனாலும் படிக்கச் சுகமாக இருந்தது. அலுவலகத்தில் ஓர் அம்மா என் மனுவை வாங்கிப் படித்தார். "யாருங்க எழுதிக் குடுத்தாங்க?" என்றார். "நான்தாம்மா" என்றேன். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். புதன்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார்.

சொன்னபடி வந்தார். வெளியே மல்லாட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, நாங்கள் எல்லோரும் மூச்சு விடாமல் நிற்கிறோம், அவர் நாற்காலியில் உட்கார்ந்து லீவு நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுகிறார். முதலாளி, "பாருங்க மேடம், கேக்கறப்பல்லாம் குடுத்துக்கீறேன்" என்று பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா முகம் மாறிவிட்டது. "என்னங்க இது? முப்பத்தோரு பேர் வேலை செய்யற இடம். மூணு வருஷத்துல நூத்திப் பதினெட்டு சாவா? இந்தப் பக்கம் தண்ணியில ஏதாவது கலக்குதா? சுகாதாரத் துறைக்குச் சொல்லி, பார்த்து முடிக்கிற வரைக்கும் மில்லை மூடி வைக்கணுமே" என்றார். முதலாளி வாசலில் நின்ற வண்டிகளைப் பார்த்தார். பிறகு எழுந்தே விட்டார். "மேடம், மேடம்! ஒருத்தரும் சாவல மேடம்! எல்லாரும் கல்லு மாரி கீறாங்க! இவங்க சொன்னது அத்தினியும் பொய்யி!" என்று கத்தினார். "பொய்னு தெரிஞ்சே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்போ அது நீங்களா மனசு வந்து குடுத்தது. சட்டப்படி குடுக்க வேண்டியது அப்படியே நிக்குது" என்று அந்த அம்மா பேனாவை மூடினார். முப்பத்தொரு பேருக்கும் விடுப்புச் சீட்டு எழுதச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் முதலாளியிடம் கேட்டேன். "எங்க மச்சான் சாவலன்னு உங்களுக்கு எப்பிடி மொதலாளி தெரியும்?"

"பங்குனியில ஒரு ஞாயித்துக்கெழம மல்லாட்டை போட வந்தாருய்யா. உன் மச்சான்னு அவரே சொல்லிக்கினு எங்கூட குந்தி டீ குடிச்சாரு. செத்தவரு ரெண்டு பன்னு வேற துன்னாரு."

"அப்ப ஏன் கம்முனு இருந்தீங்க?"

"சாவுன்னா மூணு நாள்ல திரும்பிடுவீங்க. சட்டம்னா பதினஞ்சு நாளு. நீயே சொல்லு, எனக்கு எது மேலு?"

வயிறு எரிந்தது மச்சான். நாங்கள் பயந்து பயந்து சொன்ன பொய், அவருக்கு மலிவாகக் கிடைத்த சரக்கு. உங்கள் மேலும் எனக்குக் கோபம். திண்டிவனம் வரைக்கும் வந்து, என் முதலாளியோடு டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் வீட்டுக்கு வராமல் போயிருக்கிறீர்கள். உங்களைச் சாகடித்ததில் தப்பே இல்லை. மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று முதல் விடுப்பு. இன்று செவ்வாய்க்கிழமை. பன்னிரண்டு மணிக்கு வெயில் எங்கள் வாசலைத் தாண்டிக் குழாயடி வரைக்கும் போகிறது. ஒரு மணிக்கு எதிர் வீட்டு நாய் வந்து நம் வீட்டு நிழலில் படுத்துக்கொள்கிறது. என்னைக் கேட்காமல் இத்தனை வருஷமாக இது நடந்திருக்கிறது! இதைப் பார்க்க ஒரு மனிதன் எதற்காகச் சொந்தக்காரனைக் கொல்ல வேண்டும்? சட்டம் போட்டால் போதாது, அதை ஆளுக்கு எட்டுகிற உயரத்தில் மாட்ட வேண்டும். வருஷத்துக்கு ஒரு நாள் எல்லோரையும் நிற்க வைத்துச் சத்தமாகப் படிக்க வேண்டும். கரும்பு வெட்டுகிறவர்களுக்கும், சூளையில் வேகிறவர்களுக்கும், வளவனூர் கடைகளில் பகல் முழுக்க நிற்கிற பெண்களுக்கும் இப்படி ஒரு தாள் எந்தச் சுவரில் தொங்குகிறது என்று கேட்டு விழுப்புரம் அம்மாவுக்கு இன்னொரு மனு போட்டுவிட்டேன். உழைக்கிறவர்கள் யாராக இருந்தாலும், காரணம் கேட்காமல் விடுப்புக் கொடுக்க வேண்டும் என்பது என் முடிவு. இதில் யார் வந்து பேசினாலும் நான் இறங்கி வர மாட்டேன்.

ரோஜாவுக்கும் மருமகனுக்கும் என் ஆசீர்வாதம். சவுரியம்மாளுக்கு அன்பு. மாட்டுக்கு மழைக்காலத்தில் கோமாரி ஊசி போடவும். பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி வைக்கவும், வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்களைக் கொன்றும் வாழ வைத்தும் பார்க்கும் மச்சான்,
தேவசகாயம் (கைநாட்டு அல்ல, கையெழுத்து).

பி.கு.: இதை மடித்து வைத்துவிட்டுச் சோறு கேட்டேன். ஜெயம் பையில் புடவை அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்கே என்றேன். முகையூருக்கு என்றாள். எதற்கு என்றேன். "லீவு" என்றாள். "இன்னாம்மே இது? நானே இப்பதான் ஊட்ல கீறேன். நான் மில்லுக்குத் திரும்பினப்புறம் போயேன். மூணு வேளையும் யாரு ஆக்கறது?" என்றேன். "மொதலாளி தோத்தாரு போ. எனக்கு நாப்பத்தியோரு வருஷமா ஞாயித்துக்கெழமகூட கெடையாதுய்யா. இருபதுக்கு ஒண்ணுன்னா எவ்ளோ வருதுன்னு எழுதிப் பாரு" என்றாள். எழுதிப் பார்த்தேன். எழுநூற்று நாற்பத்தெட்டு நாள் வருகிறது. அதாவது இரண்டு வருஷமும் பதினெட்டு நாளும். ஆகையால் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, அவளே கொண்டு வருகிறாள். மேலே சட்டத்தைப் பற்றி நான் எழுதியிருப்பதை எந்தக் காரணம் கொண்டும் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். ஒரு படி அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும் என்று சவுரியம்மாளைக் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதி, அடுத்த பஸ்ஸிலேயே கொடுத்தனுப்பவும்.