ஒரு பல்லுக்கு ரெண்டு ஆத்தா

செத்தாலும் சரி, தாடை எலும்பில் ஒரு திருகாணி ஏற விடமாட்டேன் என்று பழனியாண்டிக் கங்காணி சபதம் எடுத்தபோது அவர் வாய் நிறையப் பிளேன்டீ இருந்தது. சபதத்தோடு பிளேன்டீயும் முன்பல் ஓட்டை வழியாகப் பீறிட்டுப் பெண்டாட்டி அங்கம்மாவின் சேலையில் விழுந்தது.

"இதுக்குத்தாங்க சொல்றேன்" என்றாள் அங்கம்மா, சேலையைத் துடைத்துக்கொண்டே.

அந்த ஓட்டை வந்த கதை தெஹியோவிட்டப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். பஜாரில் தாஸிமின் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் பழனியாண்டி சோடாப் போத்தலைப் பல்லால்தான் திறப்பார். இருபது வருஷமாக மூடிதான் வந்தது. ஒருநாள் மூடி அங்கேயே இருந்தது, பல் வந்துவிட்டது.

மகள் துஷ்யந்தி அவிசாவளையில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் வேலை செய்கிறாள். அவள் ஏற்பாட்டில் முதலில் கழற்றி மாட்டும் பல் ஒன்று வந்தது. ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஒரு காலை, ரப்பர் மலையில் பால் கொண்டுவரச் சுணங்கிய ஒருவனைக் கங்காணியார் மூச்சுப் பிடித்து ஏசியபோது, பல் பறந்துபோய் பால் வாளிக்குள் விழுந்தது. வாளி, பாலை ஷீட்டாக்கும் ஸ்டோருக்குப் போயிற்று. அடுத்த நாள் ரப்பர் ஷீட்டின் நடுவே அந்தப் பல் இளித்துக்கொண்டிருந்தது. மூன்று லயத்து வீடுகளின் சனமும் வரிசையில் நின்று பார்த்தது.

அன்றிலிருந்து, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பழனியாண்டி வாயைக் கையால் பொத்திக்கொண்டுதான் ஏசுவார். பொத்திய வாய்க்கு யார் பயப்படுவார்கள்? நேற்றுச் சேர்ந்த பெண்கள்கூட முகத்துக்கு நேரே சிரித்தார்கள். இருபத்தைந்து வருஷக் கங்காணித்தனம் ஒரு ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது. மனிதருக்கு அது பெரிய வேதனை. ஆனால் டாக்டரம்மா, "கழற்ற முடியாதபடி எலும்பிலேயே பதித்துவிடலாம், என்னிடம் வேலை செய்யும் பிள்ளையின் அப்பாதானே" என்று சொல்லியனுப்பியபோது, அந்த வேதனையையும் தாண்டிக்கொண்டு பயம் வந்தது. பயம் என்று அவர் ஒத்துக்கொள்வாரா? கொள்கை என்றார்.

"எலும்பத் தொளைப்பாங்களாம் புள்ள!"

"மரத்துப்போக ஊசி போட்டுட்டுத்தாங்க தொளைப்பாங்க. ஒண்ணுந் தெரியாதாம். துஷ்யந்தி பக்கத்துல நின்னு பாத்திருக்கு."

"திருகாணி மூளைக்குப் போயிட்டா?"

"ரெண்டு நெல்லு நீளங்கூட இல்லையாம் அது. மூளைக்குப் போகணும்னா பஸ்ஸு புடிச்சித்தான் போகணும்."

"எனக்கு அம்பத்தாறு வயசு!"

"எழுவது வயசு ஆச்சிக்கே போட்டிருக்காங்க. சீனி வருத்தந்தான் கட்டுப்பாட்டுல இருக்கணுமாம். ஒங்களுக்குச் சீனி இல்ல, வாய்தான் இருக்கு."

"முடியாதுன்னா முடியாது!"

அங்கம்மா இடுப்பில் கைவைத்தாள். "வருசா வருசம் திருழாவுல ரெண்டு கன்னத்துலயும் அலகு குத்திக்கிட்டு மூணு மைல் நடக்குறீங்க. ஒரு சொட்டு ரத்தம் வர்றதில்ல. ஒரு சின்ன ஊசிக்கு இந்தப் பாடா?"

"அது ஆத்தா குத்துறது. இது மனுசன் குத்துறது."

"பூசாரி நாகலிங்கம் மாமாதானே குத்துறாரு?"

"கை அவரோடது. உத்தரவு ஆத்தாவோடது. ஆத்தா உத்தரவு இருந்தா பல்லு என்ன, பாறையே குத்திக்குவேன்!"

அங்கம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். பழனியாண்டி அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆகியும், அவள் எப்போது பேசாமல் இருக்கிறாள் என்று கவனிக்க இந்த மனிதர் கற்றுக்கொள்ளவில்லை.

வெற்றியைக் கொண்டாட தாஸிம் கடைக்குப் போனார். தாஸிம் நல்ல மனிதர். ஆனால் தெரியாது என்று ஒரு விஷயத்தைப் பற்றியும் சொல்லத் தெரியாதவர்.

"அந்தப் பல்லா? வேணாம் கங்காணியார்" என்றார். "ஏன்ட மச்சான்ட கூட்டாளி ஒருத்தன் ஈக்கிறான். போட்ட நாள்ல இருந்து அவன்ட மண்டைக்குள்ள ரேடியோ கேக்குதாம்."

"ரேடியோவா?"

"செய்தி மட்டுந்தான் வருதாம். பாட்டு வந்தாலும் பரவாயில்ல."

பழனியாண்டி தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். திரும்பி நடக்கும்போதுதான் அவர் மூளையில் அந்தத் திட்டம் உதித்தது. திருவிழாவுக்கு இன்னும் ஒன்பது நாள். ஆற்றங்கரையில் உடுக்கு அடித்தால் வழக்கமாக அவருக்குச் சாமி வரும், சாமி வாக்குச் சொல்லும். அந்த வாக்கை எதிர்த்துப் பேச இந்தத் தோட்டத்தில் ஆள் கிடையாது. தொரைகூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிற்பார். அங்கம்மா எம்மாத்திரம்!

திருவிழா வந்தது. மஞ்சள் வேட்டி, கழுத்தில் வேப்பிலை மாலை, ஆற்றில் முழுக்கு. நாகலிங்கம் பூசாரி கைகாட்ட, உடுக்கு முழங்கியது. சாமி தானாக வருவதற்கு முன்பே பழனியாண்டி அதை வரவழைத்துக்கொண்டார். மனசாட்சி லேசாகக் குத்தியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஆய்ய்ய்!" என்று ஒரு குதி குதித்தார்.

"தாயி வந்திருக்கா!" என்றார் பூசாரி. "வாக்குக் குடு தாயி!"

"அடேய்! எம் பிள்ளை வாயில இரும்பு ஏத்தப் பாக்குறாங்கடா! வேணாம்! அந்தப் பல்லு வேணாம்! மீறினா... மீறினா இந்தத் தோட்டத்துல பால் வத்திரும்!"

சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பால் வற்றினால் எல்லார் வீட்டு அடுப்பும் அல்லவா அணையும்? பழனியாண்டி ஒரு கண்ணை நூல் அளவு திறந்து அங்கம்மாவைத் தேடினார். அவள் கைகூப்பி நின்றுகொண்டிருந்தாள். தொலைந்தாள் என்று நினைத்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

"ஆஆய்ய்!"

கொண்டை அவிழ்ந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கம்மா கூட்டத்தைப் பிளந்து வந்தாள். முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவளுக்குச் சாமி வந்ததில்லை. உடுக்கு அடிக்கிறவனே பயந்துபோய் இரண்டு மடங்கு வேகமாக அடித்தான்.

"யாருடா அங்க எம் பேருல பேசுறது? நாந்தாண்டா மூத்தவ!"

கூட்டம் இவரை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பியது. பழனியாண்டி விடவில்லை. "இல்ல! நான்தான் மூத்தவ!" என்று மறுபடி குதித்தார்.

"அப்படியா? பூசாரி, சூடத்தக் கொண்டா! ரெண்டு பேரு நாக்குலயும் ஏத்து! மொதல்ல அவன் நாக்குல!"

பூசாரி தட்டோடு நெருங்கினார். சூடம் நீலமும் மஞ்சளுமாக எரிந்தது. பழனியாண்டிக்கு வந்த சாமி அந்தக் கணமே மலையேறிவிட்டது.

அங்கம்மாவின் ஆத்தா எலுமிச்சம்பழத்தைக் கடித்துத் துப்பினாள். "அந்தத் திருகாணி என் வேலுடா! கன்னத்துல குத்துறதும் நான், தாடையில குத்துறதும் நான்! அடுத்த மாசம் மொத பொதன்கிழம, காலையில ஏழரை பஸ்ஸுல அவனக் கூட்டிட்டுப் போங்கடா! போகாட்டி அலகு கெடையாது!"

ஆத்தாவுக்கு அவிசாவளை பஸ் நேரம் எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. "உத்தரவு தாயி" என்று பூசாரி திருநீற்றை அள்ளிப் பூசினார். பழனியாண்டி என்ன செய்வார்? அவள் சாமி பொய் என்றால், தன் சாமி என்ன சாமி என்று சொல்ல வேண்டிவரும். தலையாட்டினார். அலகு ஏறியது. வழக்கம்போல ஒரு சொட்டு இரத்தம் வரவில்லை. ஆனால் மூன்று மைலும் அவர் ஒரே கேள்வியோடு நடந்தார். பொய் வாக்குச் சொன்னதற்காக நிஜ ஆத்தாவே கோபித்துக்கொண்டு பெண்டாட்டி மேல் இறங்கிவிட்டாளோ? அந்தப் பயத்துக்கு முன்னால் பல் டாக்டர் பயம் ஒன்றுமே இல்லை.

புதன்கிழமை, ஏழரை பஸ். டாக்டரம்மா இளவயதுச் சிங்களப் பெண். பழனியாண்டி கதிரையில் ஏறி உட்கார்ந்து, "எதுவானாலும் செய்ங்க, நான் அசையமாட்டேன்" என்று சிங்களத்தில் சவால் விட்டார். அவள் அவர் கன்னத்து வடுக்களைப் பார்த்து, இது என்ன என்று கேட்டாள். துஷ்யந்தி விளக்கினாள். டாக்டரம்மா சிரித்துவிட்டாள்.

"அப்போ நான்தான் உங்களுக்குப் பயப்படணும், மாத்தயா."

ஊசி எறும்பு கடித்தது மாதிரி இருந்தது. அப்புறம் உதடே இல்லாத மாதிரி இருந்தது. ஏதோ கிர்ரென்றது. கங்காணியார் கதிரையின் கைப்பிடிகளை நெரித்துக்கொண்டு, வலி வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தார். காத்திருந்தார், காத்திருந்தார். கடைசியில் பொறுமை போய், எப்போது தொடங்குவீர்கள் என்று சைகையால் கேட்டார்.

"முடிஞ்சிருச்சுப்பா" என்றாள் துஷ்யந்தி. "இன்னும் மூணு நாலு மாசத்துல எலும்பு வளந்து அதக் கெட்டியாப் புடிச்சிக்கும். அப்புறந்தான் மேல பல்லு வைப்பாங்க."

பழனியாண்டி யோசித்தார். ரப்பர் மரத்தில் பால் ஒழுக அடிக்கிற தகரப் பீலியை நாலு வருஷத்தில் பட்டை வளர்ந்து கவ்விக்கொள்வதில்லையா? பிறகு குறடு போட்டு இழுத்தாலும் வராது. அட, இவ்வளவுதானா! இதை முதலிலேயே ஒருவரும் சொல்லவில்லையே என்று அவருக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. மண்டைக்குள் ரேடியோ கேட்கிறதா என்றும் ஒரு நிமிஷம் கவனித்துப் பார்த்தார். தாஸிமைப் போய் ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

திரும்பி வரும் பஸ்ஸில் அங்கம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கூந்தல் ஒழுங்காக, கொண்டை இறுக்கமாக. பழனியாண்டிக்கு அவளைப் பார்க்கவே மரியாதை கூடியது. ஆத்தா இறங்கிய உடம்பு அல்லவா? ஒரு விரல் தள்ளியே உட்கார்ந்திருந்தார். மரத்த உதட்டைக் கையால் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏ புள்ள... கோவிச்சுக்காத. அன்னைக்கு ஒனக்கு நெசமாவே ஆத்தா வந்துச்சா?"

அங்கம்மா வெளியே ஓடுகிற ரப்பர் மரங்களைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஒங்களுக்கு எப்பிடி வந்துச்சோ, அப்பிடித்தாங்க எனக்கும் வந்துச்சு."