அரங்கம் எண் பதினான்கு

கலைவிழாவிலிருந்து வந்த வித்யா, பார்வதம் வீட்டு நடுக்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற அந்த நொடியில்தான், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் டில்லிபாபு டிரம்பெட்டை எடுத்து வாயில் வைத்தான்.

யானை பிளிறியது போல ஒரு சத்தம். அதைக் கேட்டு மாடிப்படியில் கட்டியிருந்த நாய் ராஜா குரைத்தது. ராஜாவை அடக்குவதற்காகக் கீழே கடை வைத்திருக்கும் டெய்லர் சின்னசாமி, “டேய், சும்மா கெடடா!” என்று கத்தினார். அவருடைய மூன்று மோட்டார் மிஷின்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன.

பார்வதம் சமையலறை வாசலில் நின்று பல்லைக் கடித்தாள்.

வித்யா கண்ணைத் திறந்தாள். கையிலிருந்த சின்ன ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் போட்டாள். உதட்டை மடித்து ஏதோ ஒரு சிரிப்பை அடக்கினாள்.

“இதை எங்க டைரக்டருக்கு அனுப்பறேன் மேம். வியாழக்கிழமை அவரே வருவார். அவர் வீட்டைக் கண்ணால பார்க்க மாட்டார், காதாலதான் பார்ப்பார்.”

“சாவித்திரி வீட்டுக்கும் போனீங்களா?”

“காலையிலேயே போயிட்டு வந்துட்டேன் மேம். ரொம்ப நல்லவங்க. காபி குடுத்தாங்க.”

பார்வதத்துக்குச் சுருக்கென்றது. அவள் மோர்தான் கொடுத்திருந்தாள்.

நகரக் கலைவிழா இந்த வருஷம் சபாக்களை விட்டுப் புறநகருக்கு வருகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது பார்வதம் அதைக் கண்டுகொள்ளவில்லை. பூந்தமல்லியில் ஒரு பழைய குடோன், திருவேற்காட்டில் ஒரு குளக்கரை, நூம்பலில் யாரோ ஒருவருடைய மாந்தோப்பு, இவற்றோடு சில வீடுகளிலும் கச்சேரி நடக்குமாம். தேர்வான வீட்டுக் கேட்டில் எண் போட்ட போர்டு மாட்டுவார்களாம். அச்சடித்த புத்தகத்தில் விலாசம் வருமாம். வந்தால் வரட்டும், நமக்கென்ன என்றுதான் இருந்தாள். சாவித்திரி விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கே இவளும் போட்டுவிட்டாள்.

ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருவரும் இருபத்தோரு வருஷம் எதிரெதிர் வீடு. பார்வதம் ஒரு கதவு ஃபிரிட்ஜ் வாங்கினால் அடுத்த மாதம் சாவித்திரி வீட்டில் இரண்டு கதவு ஃபிரிட்ஜ் வந்து இறங்கும். இவள் கணவர் சிவராமனுக்கு புரமோஷன் வருவதற்குச் சரியாக இரண்டு மாதம் முன்னால் அவள் கணவர் உத்தமனுக்கு வந்தது. குழாயில் தண்ணீர்கூட முதலில் சாவித்திரி வீட்டில்தான் வரும். ரிட்டையர் ஆனபிறகு இரண்டு குடும்பமும் சேக்காட்டில்தான் வீடு கட்டின. மூன்று தெரு தள்ளி. சாவித்திரி வீட்டு வாசலில் வேப்பமரம். பார்வதம் வீட்டு வாசலில் டிரான்ஸ்ஃபார்மர்.

அந்தப் போர்டும் அங்கே போய்விட்டால் பார்வதம் எப்படித் தெருவில் நடப்பாள்?

திங்கட்கிழமை காலையில் சின்னசாமியிடம் போனாள்.

“வியாழக்கிழமை ஒரு நாள் மட்டும் மிஷினை ஓட்டாதீங்களேன்.”

“இன்னாம்மா நீ! கல்யாண ஜாக்கெட் நாப்பது கீது. அன்னிக்குத்தான் டெலிவரி. ஓட்டாம எப்டி?”

பார்வதம் யோசித்தாள். அடுத்த நிமிஷமே ஒரு யோசனை பளிச்சென்று வந்தது. அதில் இரண்டு லாபம். சாவித்திரிக்குப் போன் போட்டாள்.

“சாவித்திரி, உங்க கார் ஷெட்டு காலியாத்தானே கிடக்கு? எங்க டெய்லர் நாலு நாள் அங்க உக்காந்து தைக்கட்டுமா? இங்க கீழ பெயின்ட் அடிக்கணும்.”

“வரச் சொல்லுங்கக்கா! இவரு பேப்பரைப் பிரிச்சா சாயந்தரம் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாரு. எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆளாச்சு.”

‘வியாழக்கிழமை தெரியும்டி உனக்கு’ என்று பார்வதம் போனை வைத்தாள்.

சின்னசாமி மிஷின்களைத் தட்டு ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு போனார். சாயந்தரம் திரும்பி வந்து, மிச்சமிருந்த அலமாரியையும் கண்ணாடியையும் ஏற்றினார்.

“இதெல்லாம் எதுக்குங்க? நாலு நாள்தானே?”

“யம்மா, அங்க காத்து சும்மா பிச்சிக்கினு வருது. வேளாவேளைக்கு டீ வேற குடுக்குறாங்கோ. நான் அங்கியே இருந்துக்கறேன்.”

நல்ல குடித்தனக்காரர் போனார். போனதோடு முடியவில்லை. கீழ்க்கடை காலியானதும் வீடு முழுக்க எதிரொலி கிளம்பிவிட்டது. மாடியில் சொம்பு வைத்தால் கீழே அண்டா உருண்டது போலக் கேட்டது. மறுநாள் டில்லிபாபு டிரம்பெட் ஊதினபோது, அது பக்கத்து மாடியிலிருந்து வருகிறதா, தன் வயிற்றுக்குள்ளிருந்து வருகிறதா என்று அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

டில்லிபாபு கல்யாண பேண்டில் வாசிப்பவன். பார்வதம் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றாள்.

“தம்பி, இந்த வெயில்ல நின்னு ஊதறியே. சாவித்திரி வீட்டு மாடில வேப்பமர நிழல் இருக்கு. நான் சொல்லி வைக்கறேன், அங்க போய் ஊது.”

“நெசமாவாக்கா? ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?”

“சொல்லவே மாட்டாங்க. சங்கீதம்னா அவங்களுக்கு உயிர்.”

“அப்ப டிரம் அண்ணாத்தையையும் இட்டுக்கினு போறேன்.”

“தாராளமா!”

சாவித்திரி அதற்கும் சரி என்றாள். என்ன பெண் இவள், கோபமே வராதா என்று பார்வதத்துக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

டிரம்பெட் போனதும் ராஜா ஆரம்பித்தது. தினமும் பன் போடும் சின்னசாமியும் இல்லை, கூடச் சேர்ந்து குரைக்க டிரம்பெட்டும் இல்லை. வானத்தைப் பார்த்து ஊளையிட்டது. புதன்கிழமை காலையில் எதிர்வீட்டுக்காரர்கள், “யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

பார்வதம் நாயைச் சங்கிலியோடு கணவர் கையில் கொடுத்தாள்.

“சாவித்திரி வீட்டுல விட்டுட்டு வாங்க. நாம வெளியூர் போறோம்னு சொல்லுங்க.”

“எந்த ஊருக்குப் போறோம்?” என்றார் சிவராமன்.

“வாயை மூடிட்டுப் போங்கன்னா!”

போனவர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். மூச்சில் அடை வாசனை அடித்தது.

“உத்தமனோட ஒரு ஆட்டம் கேரம் போட்டேன். சாவித்திரி அடை சுட்டுச்சு. முருங்கைக்கீரை போட்டு. நீயும் ஒரு தடவை...”

பார்வதம் பார்த்த பார்வையில் அவர் மீதியை விழுங்கிவிட்டார்.

எதிரொலிதான் பாக்கி. பரணிலிருந்த பழைய மெத்தை, கோணி, ஐந்து வருஷம் மடித்து வைத்திருந்த திரைச்சீலை எல்லாவற்றையும் இறக்கி ஜன்னல்களில் கட்டினாள். சொம்பு வைத்தால் சொம்பு வைத்த சத்தம் மட்டும் கேட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

“ஹச்!” என்றார் சிவராமன்.

தூசி அவருக்கு ஆகாது. ஆரம்பித்தால் பன்னிரண்டுக்குக் குறையாது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு தும்மலுக்கும் அலமாரியில் டம்ளர் அதிர்ந்தது.

“அடக்குங்களேன்!”

“தும்மலை எப்படிடி... ஹச்... அடக்கறது?”

மணி பத்து. பதினொன்றுக்கு டைரக்டர் வருகிறார். பார்வதம் ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். வேறு வழியில்லை.

“போங்க. சாவித்திரி வீட்டுக்கே போங்க. போய்த் தும்மிட்டு வாங்க.”

சிவராமன் செருப்புப் போட்ட வேகத்தைப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. டெய்லர் போனார், டிரம்பெட் போனது, நாய் போனது, இப்போது கட்டின புருஷனும் சிரித்துக்கொண்டே அங்கே போகிறார். போர்டாவது எனக்கு வரட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினாள். கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றினாள்.

டைரக்டர் நரைத்த தாடியோடு வந்தார். நடுக்கூடத்தில் கண்ணை மூடி நின்றார். வித்யாவும் பார்வதமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்று பேருக்கும் வியர்வை வழிந்தது. ஐந்து நிமிஷம். ஒரு ஈகூடப் பறக்கவில்லை.

அவர் கண்ணைத் திறந்து வித்யாவைப் பார்த்தார்.

“சார், போன வாரம் நான் வந்தப்போ...” என்று அவள் ஆரம்பித்தாள்.

“போன வாரம் ஏதோ விசேஷம்,” என்று பார்வதம் குறுக்கே பாய்ந்தாள்.

“எப்பவுமே இப்படித்தானாம்மா?” என்றார் டைரக்டர்.

“எப்பவுமே இப்படித்தான் சார். குண்டூசி விழுந்தாக் கேக்கும்.”

அவர் கும்பிட்டுவிட்டு மெதுவாகப் படியிறங்கினார். பார்வதம் பின்னாலேயே இறங்கினாள். ஒன்றும் சொல்லவில்லையே, நல்ல மனுஷர் யோசித்துத்தான் சொல்வார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வேன் கிளம்பித் தெருமுனை திரும்பும்போது சட்டென்று நின்றது. டைரக்டர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். பிறகு வேன் இடப்பக்கம் திரும்பிச் சாவித்திரி வீட்டுத் தெருவை நோக்கிப் போனது.

பார்வதத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இந்தக் காட்சியைப் பார்க்காமல் விடலாமா? வீட்டைக்கூடப் பூட்டாமல் ஓடினாள்.

மூன்றாவது தெருவுக்குள் நுழையும்போதே காது அடைத்தது. கார் ஷெட்டில் மூன்று மிஷின்கள் கடகடத்தன. மாடியில் டிரம்பெட்டும் டிரம்மும் ஒன்றையொன்று துரத்தின. ராஜா பழைய சந்தோஷத்தோடு குரைத்தது. கேரம் காய்கள் சடசடத்தன. நடுநடுவே சிவராமனின் தும்மல். சமையலறையில் குக்கர் விசில்.

வேப்பமரத்தடியில் டைரக்டர் கண்ணை மூடி நின்றிருந்தார். பார்வதம் மூச்சு வாங்க வேன் ஓரமாக நின்று, அவர் முகம் சுளிப்பதற்காகக் காத்திருந்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். கண்ணில் தண்ணீர். நேராகப் போய்ச் சாவித்திரியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். வித்யா வேனிலிருந்து ஒரு போர்டை எடுத்து, பேனாவால் அதில் எதையோ அடித்துத் திருத்தி, அந்தக் கேட்டில் மாட்டினாள். அரங்கம் எண் பதினான்கு.

பார்வதத்துக்கு உலகமே தலைகீழானது. வேன் டிரைவர் கதவில் சாய்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். அவரிடம் திரும்பினாள்.

“என்னங்க அநியாயம் இது? காபி குடுத்தா போர்டா? இந்த இரைச்சல்ல உங்க சார் என்ன கச்சேரி நடத்தப் போறாராம்?”

டிரைவர் கடலைத்தோலை ஊதினார்.

“இன்னாம்மா தெரியாத மாரி கேக்குற? ஊட்ல வர்ற சத்தத்த வச்சித்தான் சார் கச்சேரியே பண்றாரு. இந்தம்மா ஊடு ஒரே அமைதியா கீதுன்னு போன வாரமே வாணாம்னுட்டு, போர்டுல உன் பேர எழுதிக்கினுதான் இன்னிக்கு வந்தோம்!”