கியர் ஆயிலில் ஓர் ஒட்டக ஆவி

கொள்ளிடக் கரையில் லாரிகள் வரிசையாக நின்றன. பாலம் இடியவில்லை, போலீஸ் மறிக்கவுமில்லை. ஓட்டுநர்கள் ஆளுக்கொரு டம்ளரை வாழையிலைத் துண்டால் மூடிக் கையில் ஏந்தியபடி பயபக்தியோடு நின்றார்கள். டம்ளரில் பாலில்லை, தீர்த்தமில்லை. அவரவர் லாரியின் பின் ஆக்சிலிலிருந்து வடித்த கியர் ஆயில்.

ஸ்ரீரங்கத்தில் ரங்கநாதரைப் பார்க்க வந்தவர்கள் போக மிச்சக் கூட்டமெல்லாம் அந்த வருடம் மோப்பச் சித்தரைப் பார்க்க வந்தது. பழைய டயர்களை அடுக்கி, மேலே காவித் துணி விரித்து அவர் உட்கார்ந்திருப்பார். டம்ளரை மூக்கருகே கொண்டுபோவார். முகத்தைச் சுளிப்பார்.

"பொண வாடை!"

கூட்டம் நடுங்கும். அந்த வண்டியில் அடிபட்டுச் செத்தது ஆணா பெண்ணா, ஆவி ஆக்சிலில் இருக்கிறதா, இல்லை கியர் பெட்டிக்குக் குடிமாறிவிட்டதா என்று புட்டுப்புட்டு வைப்பார். மோட்டார் வாகன ஆய்வாளருக்குக்கூட இவ்வளவு தெரியாது.

பரிகாரம் சுலபம். பழைய ஆயிலை வடித்துவிட்டு, அவரே விற்கும் சாந்தி எண்ணெயை ஊற்ற வேண்டும். நல்லெண்ணெய், பச்சைக் கற்பூரம், கொஞ்சம் மல்லிகை செண்ட். தலைக்குத் தேய்த்துக் குளிக்கலாம். தப்பில்லை. லாரிக்குத் தலை எங்கே இருக்கிறது?

என் மனைவி அமிர்தம் பால்பண்ணை ஸ்டாப்பிங்கில் ஆயில் கடை வைத்திருந்தாள். ரயில்வே வேலை முடிந்ததும் நானும் அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். யார் வந்து "நல்ல கியர் ஆயிலா ஒண்ணு குடுங்க" என்றாலும் அவள் உடனே எடுத்துத் தர மாட்டாள்.

"கியர் பெட்டிக்கா, பின் ஆக்சில் கிரவுனுக்கா? வண்டியோட குடுத்த புக்குல என்ன ஆயில் போட்டிருக்கு?"

"ரெண்டும் பல் சக்கரம்தானேக்கா?"

"மாட்டுக்கும் பல்லு இருக்கு, உங்களுக்கும் பல்லு இருக்கு. மத்தியானம் வைக்கோல் போடவா?"

அப்படிப்பட்டவளின் தம்பி நல்லுசாமி ஒரு நாள் காலையில் சாந்தி எண்ணெய் கேனோடு வந்து நின்றான். அவனுக்கு இருந்தது ஒரே லாரி. மறுநாள் அரியலூரில் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு பச்சைமலை ஏற வேண்டும்.

"அக்கா, நம்ம வண்டிக் கிரவுன்ல பொம்பளை ஆவி இருக்காம். செவப்புப் புடவையாம்."

"அந்தக் கறுப்பு ஆயிலுக்குள்ள புடவைக் கலர் மட்டும் எப்படிடா தெரிஞ்சுது?"

"சித்தருக்குத் தெரியும்."

"இதை ஊத்திட்டு பாரத்தோட மலை ஏறினா, கிரவுன் பல்லெல்லாம் அரைச்சுப் பொடியாயிடும். வண்டி பாதி மலையில நின்னு பின்னால உருளும். அப்புறம் அதுல ஆம்பளை ஆவியும் இருக்கும். கைலி கட்டின ஆவி."

நல்லுசாமி தன் கைலியைப் பார்த்துக்கொண்டான். பிறகு என்னைப் பார்த்தான். "மாமா, நீங்களாவது சொல்லுங்க." நான் மின்விசிறியைப் பார்த்தேன். எப்போது மேலே பார்க்க வேண்டும் என்பது நெடுங்காலம் குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியும்.

"சரிடா. நானும் சித்தர்கிட்ட குறி கேக்குறேன். அவர் சொல்றது சரியா இருந்தா என் கையாலேயே ஊத்துறேன். அதுவரைக்கும் கேனைத் திறக்காதே."

பக்கத்து பஞ்சர் கடை ருக்ஸாரைக் கூப்பிட்டு, புத்தம்புது கிரவுன் ஆயில் டப்பா ஒன்றின் சீலை எல்லோர் முன்னும் உடைக்கச் சொன்னாள். அதிலிருந்தே மூன்று டம்ளரில் ஊற்றினாள். தெரிந்த மூன்று ஓட்டுநர்களிடம் கொடுத்தாள்.

"வரிசையில சிஷ்யன் வந்து வண்டியைப் பத்தி விசாரிப்பாரு. வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க."

நல்லுசாமியும் கேனோடு வர, எல்லோருமாகக் கொள்ளிடக் கரைக்குக் கிளம்பினோம்.

சிஷ்யன் மாத்ருபூதம், தொப்பையும் தொங்கு மீசையுமாக, வரிசை நெடுகிலும் சுக்குக் காப்பி கொடுத்தபடி அன்போடு விசாரித்தார். முதல் ஓட்டுநர், லால்குடி பக்கம் ஒரு கிழவர் குறுக்கே வந்துவிட்டார் என்றார். இரண்டாமவர், எருமை என்றார். மூன்றாமவர் பெயர் ராமர். அவருக்குச் சட்டென்று எதுவும் தோன்றவில்லை.

"ராஜஸ்தான் லோடு போனப்ப... ஒட்டகம்ங்க."

மாத்ருபூதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தரிடம் போனார்.

புது ஆயில் தேன்போல மின்னியது. அது சித்தரின் கண்ணில் படவில்லை. அவருக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்யும்போலிருக்கிறது. முதல் டம்ளர்: "பொண வாடை! கிழவன்!" இரண்டாவது: "எருமை!" மூன்றாவதை வெகு நேரம் முகர்ந்தார்.

"ஒட்டகம். அதான் உன் வண்டி ரேடியேட்டர்ல தண்ணி நிக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் அதுவே குடிச்சிடுது."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அமிர்தம் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள்.

"சாமி, மூணு டம்ளரும் இந்த ஒரே டப்பா. காலையிலதான் சீல் உடைச்சோம். இந்த ஆயில் இன்னும் எந்த வண்டிக்குள்ளயும் போகல. கிழவரும் எருமையும் ஒட்டகமும் இதுக்குள்ள எப்படி ஏறினாங்க?"

"நான்தாங்க சீல் உடைச்சேன்" என்றாள் ருக்ஸார். "ஒட்டகம் எதுவும் வெளியே வரல."

சித்தர் எழுந்துவிட்டார். "ஆலையிலேயே செத்திருக்கும்!"

"ஒட்டகமுமா சாமி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அத்தோடு பக்தி கலைந்து சிரிப்பு கிளம்பியது.

"அது பொண வாடை இல்லைங்க, கந்தகம்" என்றாள் அமிர்தம். "பாரம் ஏறி பல்லும் பல்லும் நெரிக்கிறப்ப இரும்பு தேயாம இருக்க, கந்தகச் சரக்கு சேர்க்குறாங்க. நாறுறது அதுதான். சரி, உங்க எண்ணெய் அவ்வளவு உசத்தின்னா, அதோ நிக்குதே உங்க வேன், அதோட கிரவுன்ல ஊத்தி சமயபுரம் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. பின்னாடியே நாங்களும் வரோம்."

சித்தர் வாயைத் திறப்பதற்குள் மாத்ருபூதம் ஓடிவந்து வேனுக்கு முன்னால் கையை விரித்து நின்றார்.

"ஐயையோ, நம்ம வண்டிக்கு வேணாம் சாமி! கிரவுன் போயிரும்!"

அப்புறம் டம்ளர்கள் பறந்தன. ஆயிலில் குளித்த சித்தர், தம் மேலேயே பிண வாடை அடிக்க, வேனில் ஏறி மறைந்தார். நல்லுசாமி கேனைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை நோக்கிப் போனான்.

"டேய், ஆத்துல ஊத்தாதே! மீன் என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கத்தினாள் அமிர்தம்.

புத்தகத்தில் போட்டிருந்த ஆயிலை ஊற்றிக்கொண்டு மறுநாள் அந்த லாரி பச்சைமலை ஏறி இறங்கியது. இன்றும் ஓடுகிறது.

அமிர்தம் போய் இரண்டு வருடமாகிறது. கடையை நான்தான் திறக்கிறேன். போன வாரம் உறவுக்காரி ஆனந்தவள்ளி வந்து மூக்கை உறிஞ்சினாள். "அண்ணே, ஒரு வாடை வருது. அண்ணி ஆவி இங்கதான் சுத்துது. ஒரு பூசை போட்டுடுங்க."

இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும். ஒரு நிமிடம் நானும் மூச்சை இழுத்துப் பார்த்தேன். பிறகு குனிந்து, ஒழுகிக்கொண்டிருந்த டப்பாவின் மூடியை இறுக்கினேன்.

"தொண்ணூறாம் நம்பர் கியர் ஆயில்மா" என்றேன்.

அவளுக்கும் உங்களுக்கும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன். மூக்குக்கு மேலே நாலு விரற்கடையில் ஒரு பொருள் இருக்கிறது. அதற்கு ஆயில் மாற்ற வேண்டாம், பூசை போட வேண்டாம். அவ்வப்போது ஓட்டினால் போதும். ஓட்டாமலே நிறுத்தி வைத்தால், அதன்மேல் காவித் துணி விரித்து யாராவது உட்கார்ந்துவிடுவார்கள்.