முத்திரைமேல் வைத்த குங்குமம்

உலகத்தில் எந்த அரசாங்கத்துக்கும் எங்கள் தெருவில் 'தேதி மதாம்' என்று பெயர் வாங்கிய அம்மாளுக்குத் தெரிந்த அளவு தேதி தெரியாது. இதைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். அரசாங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வேண்டும், ஆள் வேண்டும், டீ வேண்டும். மதாமுக்கு எதுவும் வேண்டாம். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் போதும்.

ரெண்டாயிரத்துச் சொச்சத்தில் நான் புதுச்சேரியில் ஒரு சின்ன டிராவல்ஸ் ஆபீசில் விசா படிவம் அடிக்கும் வேலையில் இருந்தேன். ஆபீசுக்கு எதிர்வீடு மதாமுடையது. பிறந்தது, ஞானஸ்நானம் வாங்கியது, கல்யாணம் கட்டியது எல்லாம் இதே ஊர். ஆனால் அப்பா காலத்திலிருந்தே குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த கணவர், அதாவது ஊர் வழக்கில் சொல்தா, காலமாகிவிட்டார். ஒரே மகள் லியோன் நகரத்தில். ஆக, மதாம் தன் சொந்த வீட்டில் தன் சொந்தக் கட்டிலில் படுப்பதற்கே விசா வாங்கிக்கொண்டு வரவேண்டும். ஒரு தடவை வந்தால் நூற்றெண்பது நாள். அதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

மதாம் நூற்றெழுபத்தெட்டாம் நாள் கிளம்புவார். "ஏன் மதாம், இன்னும் ரெண்டு நாள் இருக்கே?" என்று கேட்டேன்.

"ஒரு நாள் ஏர்போர்ட்டுக்குப் போற ஈசிஆர் ரோட்டுல மரம் விழுந்தா. இன்னொரு நாள் அந்த மரத்த எடுக்க."

வெள்ளைக்காரர்கள் குளிருக்குப் பயந்து மார்கழியில் இங்கே வந்து, சித்திரை வெயிலுக்குப் பயந்து ஓடுவார்கள். மதாம் சித்திரையில் வந்து இறங்குவார், ஐப்பசி மழைக்கு முன்னால் பனியைப் பார்க்கப் போய்விடுவார். காரணம் கேட்டால் ஒரே வார்த்தை: "மாம்பழம்."

அவரிடம் பாஸ்போர்ட் இரண்டு. பழையது காலாவதியாகி, மூலை வெட்டப்பட்டது. ஆனால் அதில் ஒட்டிய இந்திய விசாவுக்கு இன்னும் ஆயுள் இருந்தது. அதனால் புதியதையும் பழையதையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். மதாம் அவற்றைப் பெரியவர், சின்னவர் என்று அழைப்பார். ஒரு சிவப்பு எலாஸ்டிக் பட்டைக்குள் இரண்டு பேரும். கை கழுவித் துடைத்த பிறகுதான் தொடுவார்.

ஒரு தடவை விமான நிலையத்தில் அதிகாரி வருகை முத்திரையைப் பெரியவர்மேல் குத்தப் போனாராம். மதாம் கையை நீட்டித் தடுத்துவிட்டார். "சார், செத்த புஸ்தகத்துல முத்திரை போட்டா, வந்தவளும் செத்தவள்னுதானே அர்த்தம்? சின்னவர்ல போடுங்க." பின்னால் வரிசையில் நாற்பது பேர். அதிகாரி சின்னவர்மேல்தான் போட்டார்.

தன் தேதி மட்டும் தெரிந்திருந்தால் அவரைப் பற்றி எழுத மாட்டேன். தெருவில் இருந்த அத்தனை பிரெஞ்சு பாஸ்போர்ட்டுகளின் தேதியும் அவருக்கு மனப்பாடம். கோடி வீட்டு முசியே, அதாவது மதாமுக்கு ஆண்பால், மீன் வாங்கிக்கொண்டு போனால், வணக்கத்துக்குப் பதில், "இன்னையோட உங்களுக்கு நூத்திப் பன்னண்டு" என்பார். அந்த மனுஷனுக்கு அன்று மீன் இறங்காது.

ஒரு நிச்சயதார்த்தத்தில் ஜோசியர் முகூர்த்தம் குறித்து முடித்து, எல்லாரும் வெற்றிலை பாக்கு மாற்றும் நேரம். மதாம் பந்தியிலிருந்து குரல் கொடுத்தார். "மாப்ள வந்தது என்னிக்குன்னு பாத்தீங்களா? நீங்க குறிச்ச நாளு அவருக்கு நூத்தியெம்பத்தி மூணு. தாலி கட்டுவாரா, ஆபீசு ஆபீசா ஓடுவாரா?" மாப்பிள்ளை அங்கேயே பாஸ்போர்ட்டை எடுத்து விரல் விட்டு எண்ணினார். முகம் வெளுத்தது. ஜோசியர் பஞ்சாங்கத்தை மறுபடி விரித்து, பத்து நாள் முன்னால் அதைவிட உத்தமமான முகூர்த்தம் ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்.

இன்னொரு குணமும் உண்டு. படிவத்தில் ஒரு எழுத்து பொய் இருக்கக்கூடாது. அங்க அடையாளம் என்று கேட்கும் இடத்தில் நான் வழக்கம்போல், வலது கன்னத்தில் மச்சம் என்று அடித்துவிட்டேன். எங்கள் ஆபீசில் எல்லாருக்கும் அதே மச்சம்தான்.

"தம்பி, எனக்கு மச்சம் எங்க இருக்கு?"

"யாரு மதாம் பாக்கப் போறாங்க?"

"நான் பாக்கிறேன். காயிதத்துல ஒரு பொய் எழுதினா, கீழ இருக்கிற கையெழுத்தும் பொய். திரும்ப அடி."

திரும்ப அடித்தேன். அன்று முதல் எங்கள் வாடிக்கையாளர்கள் மச்சம் இல்லாமலேயே வெளிநாடு போகத் தொடங்கினார்கள்.

இப்படிப்பட்ட மனுஷி பெரியவரையும் சின்னவரையும் என் கையில் கொடுத்தார் என்றால் நம்புவீர்களா? அந்த வருஷம் புரட்டாசி முடியும் நேரம், அவருக்கு ஒரு கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். அலையக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. மகளுக்கு அங்கே தலைப்பிரசவம். ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுப்பது என்று நாளும் குறித்தாகிவிட்டது. பக்கத்தில் இருக்க வேறு ஆள் கிடையாது. டிக்கெட் எடுக்க, நகல் எடுக்க என்று இரண்டையும் என்னிடம் தந்தார். "பிரிச்சு வெக்காத தம்பி" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஆயுத பூஜை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நம்ம தொழிலுக்கு ஆயுதம் இன்னா? பாஸ்போர்ட்டுதான். எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெய்யி" என்றார். கம்ப்யூட்டருக்கு வைத்தேன். பிரிண்டருக்கு, ஸ்டேப்ளருக்கு வைத்தேன். வந்திருந்த பாஸ்போர்ட் அட்டைகளுக்கெல்லாம் வைத்தேன். மதாமுடையது வந்தபோது எனக்குப் பக்தி பொங்கிவிட்டது. இவ்வளவு பெரிய மனுஷிக்கு வெறும் அட்டையில் வைத்தால் போதுமா? சின்னவரைத் திறந்து, அந்த வருஷத்து வருகை முத்திரையின் நட்ட நடுவில், பன்னீரில் குழைத்த சந்தனமும் அதன்மேல் ஈரக் குங்குமமும் அழுத்தி வைத்தேன். மூடி, மேலே ஒரு பூசணிக்காயையும் ஏற்றினேன்.

விஜயதசமி விடுமுறையும் கழிந்து திறந்து பார்த்தேன். நாள் இல்லை, மாதம் இல்லை, வருஷத்தில் ஒரு சுழி மட்டும் மிச்சம். ஈரத்துணியால் துடைத்தேன். அந்தச் சுழியும் போனது.

மறுநாள் இரவு விமானம். நான் துடைத்துக்கொண்டிருந்த அன்று மதாமுக்கு நூற்றெழுபத்தேழாவது நாள். எப்போது வந்தார் என்பதற்கு அத்தாட்சி இல்லாமல் விமான நிலையத்தில் அவரை நிறுத்தி வைத்தால், அங்கே மகள் தனியாக ஆபரேஷன் மேஜையில் படுத்திருப்பாள். காலாப்பட்டு வழியாகப் போகும் சென்னை பஸ்ஸைப் பிடித்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். கால் எதிர்வீட்டுக்குத்தான் போனது.

மதாம் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி, நல்ல கண்ணால் அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். நான் காலில் விழ இடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பூஜைப் பொரி மிச்சம் இருக்கா?" என்றார்.

கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு கிண்ணம் பொரியையும் நிதானமாக மென்று முடித்தார். "ஸ்கூட்டர எடு."

வெளிநாட்டவர் பதிவு செய்யும் அலுவலகத்தில் அதிகாரி பக்கத்தைத் திறந்ததும் பின்னால் சாய்ந்தார். "இன்னாம்மா இது, ரத்தமா?"

"குங்குமம்."

"தேதியே காணோமே. எப்ப வந்தீங்க?"

"இந்தத் தடவை வந்ததா, இல்ல முதல்லேந்தா?"

அவர் விளையாட்டாக, "முதல்லேந்துதான் சொல்லுங்களேன்" என்றார். மதாம் கண்ணை மூடித் திறந்தார். பதினோரு வருஷம். வந்த தேதி, போன தேதி, விமானத்தின் எண், எத்தனை மணி தாமதம், முத்திரை பெரியவர் மேலா சின்னவர் மேலா, குத்தியவர் மீசை வைத்திருந்தாரா இல்லையா! வேப்பிலை அடிக்காமல் அருள்வாக்கு சொன்ன மாதிரி வந்து விழுந்தது. அதிகாரி பேனாவை வைத்துவிட்டார். சென்னைக்குப் போன் போட்டு இந்த வருஷத்தையும், நடுவில் இரண்டு வருஷத்தையும் சரி பார்த்தார். ஒரு நாள் பிசகவில்லை. எழுந்து நின்று, "உக்காருங்கம்மா" என்றார். மதாம் முதலிலிருந்தே உட்கார்ந்துதான் இருந்தார்.

"லெட்டர் தர்றேன், ஏர்போர்ட்ல காட்டுங்க. ஆனா ஒண்ணு எழுதணும். பாஸ்போர்ட்ட பாழாக்கினது யாரு? யார் கையிலனா குடுத்து வெச்சீங்களா? சும்மா வுட முடியாதும்மா, அந்த ஆள் மேல நடவடிக்கை எடுக்கணும்."

என் வேலை, முதலாளியின் கடை எல்லாம் கண் முன்னால் வந்து போயின. ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் மதாமின் செருப்பு என் கால் கட்டைவிரலை நசுக்கியது.

"நான்தான் வெச்சேன்" என்றார்.

அதிகாரி அவர் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "நீங்க மாதா கோயிலாச்சே?"

"மாதா கோயில்தான். ஊரு பாண்டிச்சேரி. ஆயுத பூஜைக்குத் தெருவே வெச்சுது, நானும் வெச்சேன்."

அதையே எழுதி நீட்டினார்கள். இல்லாத மச்சத்துக்காகப் படிவத்தைத் திருப்பி அடிக்க வைத்தவர் அதன்கீழே கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் பேனா ஒரு கணம் நின்றதைப் பார்த்தேன். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

விமானம் ஏறினார். ஆபரேஷனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். பேத்தி பிறந்தாள்.

அடுத்த சித்திரையில் மாம்பழத்தோடு சேர்ந்து வந்தார். நேரே ஆபீசுக்கு வந்து, எலாஸ்டிக் பட்டையோடு பெரியவரையும் சின்னவரையும் என் மேஜைமேல் வைத்தார். நான் இரண்டு கையையும் மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

"எடு தம்பி. இந்த வருஷம் அட்டையோட நிறுத்திக்கோ."

"மதாம், அன்னிக்கு நீங்க எனக்காக..."

"அத லியோன்லயே கோயில் சாமியார்கிட்ட, பண்ண பாவத்தச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துல, சொல்லிட்டேன். காயிதத்துல பொய் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்னு. தேதியோட."

"இன்னா சொன்னாரு?"

"வருத்தப்படுறியான்னு கேட்டார். இல்லன்னேன். அப்ப மன்னிப்புக் குடுக்க முடியாதுன்னுட்டார்." பையிலிருந்து ஒரு மாம்பழத்தை எடுத்து என் பக்கம் உருட்டினார். "அடுத்த வருஷமும் கேப்பார். நானும் இல்லன்னுதான் சொல்லுவேன்."