பிளெக்ஸில் தாய்மாமனுக்கு மீசை நட்டது பற்றி

செம்மநத்தம் மாப்பிள்ளை காளியண்ணன் அவர்களின் சமூகத்துக்கு,

வாழவந்தியிலிருந்து தங்கள் தங்கையின் மாமனார் அங்கப்பன் கைகூப்பி எழுதுவது. இவ்விடம் மிளகுக்கொடி நலம், மாடு நலம், பேத்தி மிக நலம். என் வீட்டுக்காரி, உங்கள் அத்தை கண்ணம்மாளும் உங்கள் தங்கை கவிப்பிரியாவும் என்னிடம் பேசுவதில்லை என்பதால், அவர்கள் நலத்தைச் சமையலறைச் சத்தத்தை வைத்துத்தான் அறிகிறேன். பாத்திரம் விழுகிற வேகத்தைப் பார்த்தால் இருவரும் நல்ல தெம்பாகவே இருக்கிறார்கள். அவ்விடம் தாங்களும் காப்பித் தோட்டமும் நலமாக இருக்கச் சேர்வராயன் அருள் வேண்டும்.

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை, அதனால் கடிதம். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தபோது மேனேஜருக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி எழுதிப் பழகிய கை, ஆகவே இந்த வேலை எனக்குப் புதிதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தங்கை மகளுக்குக் காது குத்து. பந்தலுக்குச் சொல்லியாயிற்று, ஆசாரிக்குச் சொல்லியாயிற்று, கிடாயும் வாங்கிக் கட்டியாயிற்று. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன்தான் இல்லை. எங்கள் பஸ் நிறுத்தத்தில் கட்டியிருந்த பிளெக்ஸை நீங்கள் பைக்கை நிறுத்திப் பார்த்ததாகவும், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்ததாகவும், எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமலே போய்விட்டதாகவும் டீக்கடை சென்றாயன் சொன்னார். அன்று சாயங்காலமே தங்கைக்குப் போன் செய்து, "மடியில வெக்கறதுக்கு வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு கண்ணு, உங்க மாமனார" என்று நீங்கள் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் வம்சத்தில் ஒரு பிள்ளைக்கும் காது குத்தியதில்லை. அந்தப் பழி என் காலத்தில் வரக்கூடாது என்றுதான் நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

குற்றம் முழுக்க என்னுடையது. போன வருடம் பக்கத்துத் தோட்டத்துக் கல்யாணத்துக்கு ஏதோ ஒரு கடையில் அடித்து வந்த பிளெக்ஸில், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் எல்லோரையும் ஒரே மாவில் பிசைந்தது போல வெளுக்க வைத்திருந்தார்கள். பெண்ணுடைய அப்பா எது என்று அவர் மனைவியே தேட வேண்டியிருந்தது. நம் வீட்டு விசேஷத்துக்கு அப்படி ஆகக்கூடாது, நானே செய்கிறேன் என்று நான்கு பேர் முன்னால் வாய் விட்டேன். மகன் விஜயகுமார் தன் பழைய லேப்டாப்பை எனக்குப் பொழுது போகட்டும் என்று கொடுத்திருந்தான், அதில் படம் திருத்துகிற சாப்ட்வேரும் இருந்தது. "ஏனுங்கப்பா, பேசாம கடைக்கே குடுத்துரலாமுங்களே" என்று பெங்களூரிலிருந்து போனில் கெஞ்சினான். ஓய்வு பெற்றவனுக்கு யார் சொல்லி ஏறும்? சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எனக்குச் சங்கும் மகன் கொடுத்தது, ஊதுகிற பாடமும் அவனிடமே கேட்டுக்கொண்டேன்.

பிளெக்ஸில் நடுவில் பேத்தி, வலது பக்கம் மற்ற எல்லோரையும் விடப் பெரிதாகத் தாய்மாமன், அதுதான் முறை. உங்கள் படம் என்று என்னிடம் இருந்தது விஜயகுமார் கல்யாணப் பந்தியில் எடுத்த ஒன்றுதான். அதில் பின்னால் நின்ற யாரோ ஒருவருடைய கை, காப்பி டம்ளரோடு உங்கள் காதை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கையை அழிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அழிப்பதும் வரைவதும் எல்லாம் பிரஷ்தான், அதற்கு வேண்டியபடி செட்டிங் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விஜயகுமார் பாடம் நடத்தினான். சைஸ் என்றால் பிரஷ்ஷின் அகலம். ஹார்ட்னஸ் என்றால் அதன் ஓரம் எவ்வளவு கறாராக வெட்டும் என்பது. "ஹார்ட்னஸ ஏத்தி, சைஸ சின்னதாக்கி, காதோரம் மெதுவா வாங்கப்பா" என்றான். தாய்மாமன் முகத்தில் கறாராக வெட்டுவதா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. ஹார்ட்னஸைப் பூஜ்ஜியத்தில் வைத்து, பெரிய பிரஷ்ஷாக எடுத்து, மரியாதையாக ஓர் இழுப்பு இழுத்தேன். கை போனது, டம்ளர் போனது, கூடவே உங்கள் காதும் ஏரிக்கரைப் பனியில் போனது போலப் போய்விட்டது. ஒற்றைக் காது தனியாக நின்றது விகாரமாக இருந்ததால், இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும் என்று மற்றதையும் குறைத்தேன். எஸ்டேட் ஆள்கணக்கு எழுதுகிற செக்ரோலில் அடித்தல் திருத்தல் கூடாது, எழுதியவுடன் கையெழுத்துப் போட்டு மூடு என்று பழகியவன் நான். ஒவ்வோர் இழுப்புக்கும் சேவ் செய்து லேப்டாப்பை மூடி வைத்தேன், அதோடு பழைய படமும் போயிற்று. உங்கள் அத்தை தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, காதுகுத்துப் படத்துல மாமனுக்கே காதக் காணோம்" என்றாள். வேறு வழியில்லாமல் என் படத்திலிருந்து என் காதுகளை எடுத்து உங்களுக்கு ஒட்டினேன். சம்பந்தம் செய்துகொண்டவர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் இருப்பதுதானே. காதுக்குள் இருந்த நரைமுடியும் சீராகக் கூடவே வந்ததை அப்போது கவனிக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருந்தால் நான் அங்கப்பன் இல்லை. உங்கள் மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. தாய்மாமன் மீசையில் பருக்கையோடு பஸ் நிறுத்தத்தில் நிற்கலாமா? ஒபாசிட்டி என்றால் பூச்சு எவ்வளவு கனமாக விழும் என்பது, அதைப் பத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்று மகன் சொல்லியிருந்தான். பத்தில் வைத்துத் தேய்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. சுண்ணாம்பு முதல் பூச்சில் எந்தச் சுவரில் தெரிந்திருக்கிறது என்று மறுபடி தேய்த்தேன், இன்னும் தேய்த்தேன். பூச்சின் மேல் பூச்சு ஏறி, பருக்கை போன வழியிலேயே பாதி மீசையும் போயிருந்தது. சரி, அந்தப் பாதியை நானே போட்டுவிடுகிறேன் என்று கருப்பு நிறத்தை எடுத்தேன். அங்கேதான் எஸ்டேட் புத்தி குறுக்கே வந்தது. பிரஷ் செட்டிங்கில் ஸ்பேசிங் என்று ஒன்று இருக்கிறது, ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் எவ்வளவு தூரம் என்பது அதன் கணக்கு. அது நொம்பக் குறைவாக இருந்தது. இவ்வளவு நெருக்கி வைத்தால் எந்தப் பயிர் தேறும்? காப்பிக் கன்றுக்கு இடைவெளி விடாமல் குழி எடுத்தவர்களை நின்ற இடத்தில் திட்டித் தீர்த்தவன் நான். ஸ்பேசிங்கைத் தாராளமாக ஏற்றிவிட்டு, மூக்கடியிலிருந்து கன்னம் வரை ஒரு கோடு இழுத்தேன். மீசை குழி குழியாக, வரிசை பிசகாமல், உரம் வைக்கத் தோதாக வந்தது. எனக்கு அதைப் பார்த்துப் பெருமையாகக்கூட இருந்தது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

லேப்டாப்பில் பெரிதாக்கினால் உங்கள் மூக்குத் துவாரம் ஒன்று மட்டும் தெரியும், சிறிதாக்கினால் தபால்தலை அளவுக்கு முகம் தெரியும். தபால்தலையில் நீங்கள் கம்பீரமாகத்தான் இருந்தீர்கள். அந்த நம்பிக்கையில் சேலத்துக்கு அனுப்பி அச்சடித்து வரவழைத்து, ஏணி வைத்துக் கட்டிப் பிரித்தபோதுதான் மீசையின் ஒவ்வொரு புள்ளியும் வடை அளவுக்கு இருப்பது தெரிந்தது. சென்றாயன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "ரைட்டருங்க, மாமன் மொகத்துல கட்டெறும்பு ஊருதுங்களா?" என்றார். பஸ்ஸுக்கு நின்ற ஓர் அம்மாள், "பாவம், நல்ல மனுசன், அம்மை போட்டு எறங்குனதாட்ட இருக்குது" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு என்னிடமே துக்கம் விசாரித்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடிக்கப் போனது ஏற்கெனவே பிள்ளையாராக இருந்தவரை.

பிளெக்ஸை அவிழ்த்து, படம் உள்பக்கம் இருக்கும்படி மடித்து, மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டுவிட்டேன். கடையிலேயே புதிதாகச் செய்யச் சொல்லிவிட்டேன். அவர்கள் உங்களை எவ்வளவு வெளுக்க வைத்தாலும் என் கைவேலைக்கு அது மேல். மாப்பிள்ளை, விளையாட்டாக எழுதினாலும் எனக்கு மனசு சரியில்லை. கல்யாணத்தன்று உங்கள் தங்கையின் கையை என் மகன் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைக்காமல் நின்ற முகம் அது. அதைப் பஸ் நிறுத்தத்தில் கேலிக்கு வைத்துவிட்டேன். என்மேல் கோபத்தை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் மட்டும் அதை வீட்டில் வைத்துவிட்டு வந்து பேத்திக்கு மடி கொடுங்கள்.

தங்கள் தோட்டம் கிளை முறியக் காய்த்து, குடும்பம் குறைவின்றி வாழ மனமார வாழ்த்தும் மாமன்,
அங்கப்பன்,
எஸ்டேட் ரைட்டர் (ஓய்வு), பிளெக்ஸ் வேலையிலிருந்தும் இன்றோடு ஓய்வு.

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். படித்துவிட்டு, "மாமா, அண்ணனுக்கு பிளெக்ஸ் மேல ஒரு கோவமும் இல்லீங்க. அதய போட்டோ புடிச்சு வெச்சுக்கிட்டுப் பாத்துப் பாத்துச் சிரிச்சுட்டு இருக்குதாமா. ஊரு பூராம் அழைப்பு வெச்சீங்களே, அண்ணன் ஊட்டு வாசப்படிய மிதிச்சீங்களா? தட்டு வெச்சு அழைக்காத விசேசத்துக்குத் தாய்மாமன் எப்படிங்க வரும்? உங்களுக்காத் தோணட்டும்னுதான் இருந்தனுங்க" என்றாள். நான் உங்கள் அத்தையைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்த் தேங்காய், பழம், வேட்டி, சேலை எல்லாம் அடுக்கிய தட்டை எடுத்து வந்து என் முன் வைத்தாள். "நீங்க அந்தப் பொட்டிய மூடுனா போயிட்டு வரலாம்னு, வெத்தலைய மட்டும் மாத்தி மாத்தி வெச்சுட்டு இருக்கறனுங்க" என்றாள். மூக்குத் துவாரம் வரைக்கும் பெரிதாக்கி உங்கள் முகத்தையே இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு பஸ் ஏறி வந்து அதை நேரில் பார்க்கத் தோன்றவில்லை. ஆகவே மேலே கேட்ட மன்னிப்பெல்லாம் வேறு குற்றத்துக்குக் கேட்டது, அதைத் தள்ளிவிடுங்கள். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, கையோடு கொண்டுவருகிறேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் உங்கள் அத்தையும் தட்டோடு வருகிறோம். கதவைத் திறக்கும் முகம் எப்படி இருந்தாலும் சரி, அதில் நான் கை வைக்க மாட்டேன்.