கரண்டி அண்ணாச்சியும் பாய்லர் சாம்பலும்

கண்ணில் படும் எந்தப் பொருளையும், ‘இதை வைத்துச் சாம்பல் அள்ள முடியுமா?’ என்ற ஒரே கேள்வியோடு பார்த்த மனிதர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். எழுபதுகளில் தூத்துக்குடியில் நான் தங்கியிருந்த லாட்ஜின் மேனேஜர். எங்களுக்கு அவர் கரண்டி அண்ணாச்சி.

லாட்ஜின் பின்பக்கம் ஒரு விறகு பாய்லர். எல்லோருக்கும் குளிக்க வெந்நீர் அதிலிருந்துதான். அதைக் கவனித்துவந்த ஆள் புதுத் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போய்விட, பொறுப்பு அண்ணாச்சி தலையில் விழுந்தது. “சாம்பல் அள்ளுறது ஒண்ணும் பெரிசில்லலே. எத வச்சு அள்ளுதோம்கதுதான் விஷயம்” என்பார்.

முதலில் சமையலறைக் கரண்டியை எடுத்துப்போனார். கைப்பிடி குட்டை, கையில் இருந்த முடியெல்லாம் பொசுங்கிற்று. பெயர் மட்டும் நிலைத்தது. அடுத்து தென்னந்துடைப்பம். உள்ளே போனது துடைப்பம். வெளியே வந்தது தீப்பந்தம். பிறகு புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் வாளியில் சூட்டுச் சாம்பலைக் கொட்டினார். தூக்கியபோது கைப்பிடி மட்டும் வந்தது.

“ஏலே, வாளி எங்க?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிறு மாதா கோயில் பூசைக்கு அவரோடு போயிருந்தேன். நீளக் கம்பில் கட்டிய காணிக்கைப் பை அவர் முன்னால் வந்து நின்றது. அண்ணாச்சி பையை விட்டுவிட்டுக் கம்பைத் தடவினார்.

“நல்ல நீளம். தேக்கா?”

பை நீட்டியவர் அடுத்த வரிசைக்கு ஓடிவிட்டார்.

கடைசியில் ஒரு கொல்லரிடம் சொல்லி, நுனியில் தகடு வளைத்த இரும்புச் சுரண்டி ஒன்று செய்துகொண்டு வந்தார். அவர் உயரத்தைப்போல இரண்டு மடங்கு! பின்கதவைத் திறந்து, சந்தில் நின்றுகொண்டுதான் அதை பாய்லருக்குள் விட முடியும். சந்தில் போகிறவர்கள் குனிந்து போக வேண்டியிருந்தது.

என் அறைத்தோழன், காயல்பட்டினத்து மீரான் சொன்னான்: “அண்ணாச்சி, இத வச்சு இலங்கையில கெடக்க சாம்பலையும் இழுத்துரலாம்.”

“ஒனக்கு என்னலே தெரியும்? நாளைக்குப் பாரு.”

மறுநாள் காலை எனக்குக் கடுங்காய்ச்சல். மீரான் டீ குடிக்கப் போயிருந்தான். அறையைத் தாழிட்டுக்கொண்டு கிடந்தேன். அண்ணாச்சி பாய்லருக்குள் சுரண்டியை விட்டுக் குத்தியிருக்கிறார். சாம்பல் வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போய்க் குவிந்து, புகைபோக்கியை அடைத்துவிட்டது. புகை மொத்தமும் லாட்ஜுக்குள் திரும்பியது. எல்லோரும் தெருவுக்கு ஓடினார்கள். பாய்லரை ஒட்டியிருந்த அறை என்னுடையது.

இருமிக்கொண்டே விழித்தேன். எழுந்தால் கால் நிற்கவில்லை. தரையில் விழுந்தேன். வெளியே மீரான் கதவை இடித்துக்கொண்டிருந்தான். தேக்குக் கதவு, அசையவில்லை.

சந்துப் பக்கத்து ஜன்னல் படாரென்று திறந்தது. கம்பிக்கு வெளியே அண்ணாச்சியின் கரிபிடித்த முகம்.

“எழும்பி தாப்பாள எடுலே!”

“முடியல அண்ணாச்சி…”

“சரி, அப்படியே கெட. அசையாத!”

ஜன்னல் கம்பிகளுக்கிடையே சுரண்டி நுழைந்தது. என் தலைக்கு மேலாக அறையைக் கடந்தது. கொடியில் கிடந்த சட்டைகளைத் தள்ளியது. மண்பானையை உடைத்தது. எதிர்ச்சுவரில் இருந்த கதவைத் தொட்டு, தடவித் தடவி, தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தது. கதவு திறந்த வேகத்தில் மீரான் என் மேல் விழுந்தான். எழுந்து, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினான்.

அண்ணாச்சி ஓடிவந்து என் நெஞ்சில் கை வைத்தார். “மூச்சு வருதா? நல்லா இழு. இன்னொரு தடவ இழு.”

கடல் காற்று உள்ளே போனது. “வருது அண்ணாச்சி” என்றேன். அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, தோள் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

“சாம்பலுக்குத்தான் சரிப்படல. கதவு தொறக்க இத மாதிரி கெடையாது” என்றான் மீரான். துண்டுக்குள்ளிருந்து முதலில் விசும்பலும், பின்னாலேயே சிரிப்பும் வந்தன. தெருவே சிரித்தது.

மத்தியானம் கஞ்சி கொண்டுவந்த அண்ணாச்சி, நான் குடித்து முடித்த பிறகும் எழுந்து போகவில்லை. “தூங்குலே. நான் இங்கனதான் இருக்கேன்” என்றார். அந்த ஊரில் நான் இருந்த காலம் முழுக்க, அவ்வளவு நிம்மதியாக வேறு எப்போதும் தூங்கியதில்லை.